விட்டுப் போகிறவனின் ஆயுதம்: பதுங்கு குழிப் போரில் பொறிவெடிகள்

கேள்வி இதுதான்: முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்குள் பொறிவெடி வைத்தார்கள் என்கிறார்களே, வீரர்கள் மாதக்கணக்கில் அதற்குள்ளேயே குடியிருந்தார்கள், அப்புறம் எப்படி அங்கே வெடி வைக்க முடியும்? இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது?

பாதிப் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. குடியிருக்கிற வீட்டில் யாரும் பொறி வைப்பதில்லை. வீட்டைக் காலி செய்யும்போதுதான் வைப்பார்கள். பதுங்கு குழிப் போரில் பொறிவெடியின் வரலாறு என்பது, கிட்டத்தட்ட முழுக்க முழுக்கப் பின்வாங்கியவர்களின் வரலாறு. எதிரியைக் கொல்வதை விட அவனைத் தாமதப்படுத்துவதுதான் அதன் முதல் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். நிலத்தில் புதைத்து, மிதித்தால் வெடிப்பது மிதிவெடி. பொறிவெடி வேறு. அது பார்த்தால் வெடியாகவே தெரியாது. கதவுக் கைப்பிடியாக, மண்வெட்டியாக, அடுப்பாக, தரையில் கிடக்கும் தொப்பியாக இருக்கும். நாம் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியத்தைச் செய்தால் வெடிக்கும். ஈழத்துத் தமிழில் போர்க் காலத்தில் நன்றாக நிலைபெற்றுவிட்ட சொல் இது. எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைப்பதை நினைத்துக்கொண்டால், 'பொறி' எவ்வளவு பொருத்தமான சொல் என்று தெரியும். ஆங்கிலத்தில் 'பூபி டிராப்' என்பார்கள். பூபி என்றால் அசடு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் பாதி திறந்த கதவின் மேல் எதையாவது ஏற்றி வைத்து, உள்ளே நுழைகிறவன் தலையில் விழ வைக்கும் குறும்புக்கு அந்தப் பெயர். அந்தக் குறும்பின் பெயர்தான் பிறகு வெடிக்கும் ஒட்டிக்கொண்டது.

குழி தோண்டிப் பொறி வைப்பது பழைய சங்கதிதான். கி.மு. 52இல் அலேசியா முற்றுகையில் ஜூலியஸ் சீசரின் படை தன் அகழிகளுக்கு முன்னால் கூர் தீட்டிய மரக்கழி நட்ட குழிகளை வரிசை வரிசையாக வெட்டி, மேலே சுள்ளியும் தழையும் போட்டு மூடியது. வீரர்கள் அதற்கு 'அல்லிப்பூ' என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அது தங்கள் அரணைக் காக்க வைத்த பொறி. நாம் பேசுவது வேறு வகை. அதன் முதல் தெளிவான உதாரணம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கிடைக்கிறது.

1862 வசந்த காலத்தில் வர்ஜீனியாவின் யார்க்டவுனில் வடக்குப் படையும் தெற்குப் படையும் மண் அரண்களுக்குப் பின்னால் ஒரு மாதம் எதிரெதிரே கிடந்தன. மே 3 இரவு தெற்குப் படை சத்தமில்லாமல் பின்வாங்கியது. மறுநாள் காலை உள்ளே நுழைந்த வடக்கு வீரர்களின் காலடியில் தரை வெடித்தது. தெற்குப் படையின் தளபதி கேப்ரியல் ரெய்ன்ஸ் என்பவரின் வேலை. பீரங்கிக் குண்டுகளை மண்ணில் புதைத்துவிட்டுப் போயிருந்தார். கிணற்றடியிலும், கொடிக்கம்பத்தின் அருகிலும், தந்தி அலுவலகத்திலும், மாவுப் பீப்பாய்க்குள்ளும்கூட வெடி இருந்தது என்று வடக்குப் படையின் தலைவர் மெக்லெல்லன் புகார் எழுதினார். இது கொலை, போர் அல்ல என்று கொதித்து, தோண்டி எடுக்கும் வேலையைத் தெற்குப் போர்க் கைதிகளிடமே கொடுத்தார்.

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது மெக்லெல்லனின் கோபம் அல்ல. எதிரி கோபப்படுவது இயல்பு. ரெய்ன்ஸின் சொந்தப் படையிலேயே இதை ஏற்கவில்லை. அவருடைய மேலதிகாரி லாங்ஸ்ட்ரீட், இது முறையான போர் வழி அல்ல என்று தடுத்தார். விவகாரம் தெற்கின் போர் அமைச்சர் ராண்டால்ஃப் வரை போனது. அவர் ஒரு கோடு போட்டார்: துரத்தி வருகிறவனை நிறுத்தச் சாலையில் வைக்கலாம், அரணைக் காக்க வைக்கலாம்; எதிரியில் நாலு பேரைக் குறைப்பது தவிர வேறு நோக்கமே இல்லாமல் வைக்கக் கூடாது. தாமதத்துக்கு அனுமதி, வெறும் கொலைக்கு இல்லை. இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பெரிய நிகழ்வு 1915 டிசம்பர், கலிபோலி. இங்கே கதையே தலைகீழ். யாரையும் கொல்லாமல் ஏமாற்ற மட்டும் செய்த ஒரு பொறி.

துருக்கிக் கடற்கரையில் எட்டு மாதமாக மாட்டிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, பிரிட்டிஷ் படைகளை இரவோடு இரவாகக் கப்பலேற்ற வேண்டும். சில இடங்களில் துருக்கியர் குழியும் இவர்கள் குழியும் சில கஜ தூரத்தில். இவர்கள் போவது தெரிந்தால் கடற்கரையிலேயே வைத்துத் தீர்த்துவிடுவார்கள். கடைசி ஆள் போன பிறகும் குழிக்குள் ஆள் இருப்பது போலத் துப்பாக்கி சுட வேண்டும். எப்படி?

மெல்போர்னைச் சேர்ந்த வில்லியம் ஸ்கரி என்ற இளம் லான்ஸ் கார்ப்பரல் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் மணற்கடிகாரம் மாதிரி மணலை வைத்துப் பார்த்தார். மணல் சீராக விழவில்லை. பிறகு தண்ணீருக்கு மாறினார். நம்மூர் சிவன் கோயிலில் லிங்கத்துக்கு மேல் தாராபாத்திரம் தொங்கும் பார்த்திருப்பீர்கள், அடியில் சிறு துளை, சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டே இருக்கும். ஸ்கரியின் யோசனை அதுதான். மேலே ஒரு தகர டப்பா, கீழே ஒரு தகர டப்பா. மேல் டப்பாவிலிருந்து சொட்டும் நீர் கீழ் டப்பாவை நிரப்பும். கீழ் டப்பா கனத்ததும் அதில் கட்டிய கயிறு துப்பாக்கிக் குதிரையை இழுத்துவிடும். துளை சிறிதாக இருந்தால் வெகு நேரம் கழித்து, பெரிதாக இருந்தால் சீக்கிரம். ஒவ்வொரு துப்பாக்கியும் ஒவ்வொரு நேரத்தில் சுட்டால் குழிக்குள் பத்துப் பேர் தூங்காமல் காவல் இருப்பது போலவே இருக்கும். மாட்டிறைச்சி டப்பாவும் மண்ணெண்ணெய் டப்பாவும் எங்கே பார்த்தாலும் கிடந்த இடம் என்பதால் பொருளுக்குப் பஞ்சமில்லை.

டிசம்பர் 20 அதிகாலையில் கடைசி வீரர்கள் கலிபோலியின் ஆன்ஸாக் கரையை விட்டு ஏறினார்கள். நடக்கும் ஓசை கேட்காதபடி குழித் தரையில் கம்பளிகளைக் கிழித்து விரித்திருந்தார்கள். அவர்கள் கடலில் இருக்கும்போது மேலே ஆளில்லாத குழிகளிலிருந்து துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருந்தன. ஆன்ஸாக்கும் பக்கத்துச் சூவ்லா கரையும் சேர்த்துச் சுமார் 80,000 பேரை வெளியேற்றிய இந்தக் காரியத்தில் சேதம் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

சொட்டுத் துப்பாக்கியால்தான் தப்பித்தார்கள் என்று சிலர் எழுதுவது கொஞ்சம் மிகை. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரவுகளில் வேண்டுமென்றே சுடாமல் இருந்து, குழிகள் அமைதியாகக் கிடப்பதைத் துருக்கியருக்குப் பழக்கப்படுத்தியிருந்தார்கள். அமைதி சந்தேகத்தைக் கிளப்பாமல் போனதற்கு அதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஸ்கரிக்குக் கிடைத்த வீரப் பதக்கம் நியாயமானதுதான், அதில் மறுப்பில்லை.

ஆனால் கலிபோலியிலேயே கொல்லும் பொறிகளும் இருந்தன. சில வீரர்கள் போகும்போது துருக்கியருக்காக மேசையில் சாப்பாடு எடுத்து வைத்து, கடிதம் எழுதிவிட்டுப் போனார்கள். வேறு சிலர் அதே குழிகளில் கம்பி கட்டி வெடிகளை ஒளித்துவிட்டுப் போனார்கள். நெக் என்ற குறுகலான முகட்டின் கீழே சுரங்கம் தோண்டி வைத்திருந்த வெடிமருந்தை அதிகாலை மூன்றரை மணிவாக்கில் வெடிக்கச் செய்ததில் துருக்கியர் சுமார் எழுபது பேர் இறந்தார்கள். கிளம்பியாகிவிட்டது, பிடிக்க வேண்டிய இடமும் எதுவும் இல்லை. அந்த எழுபது சாவுக்கு ராணுவக் கணக்கில் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ராண்டால்ஃப் இருந்திருந்தால் அனுமதித்திருக்க மாட்டார்.

இனி பிரான்ஸ். 1914 முடிவிலிருந்து 1917 தொடக்கம் வரை மேற்கு முனையில் கோடு பெரிதாக நகரவில்லை. அந்தக் காலத்தில் பொறிகளுக்கு வேலை குறைவு. இரு தரப்புக்கும் நடுவிலிருந்த பாழ்நிலத்தில் முள்கம்பியில் காலி டப்பாக்களைக் கட்டி வைப்பார்கள், இரவில் யாராவது தவழ்ந்து வந்தால் கடகடவென்று காட்டிக் கொடுக்கும். அவ்வளவுதான். இங்கே ஒரு சின்ன விலகல். அந்த முள்கம்பியை வெட்டப் பெரிதும் பயன்பட்ட, குழாய்க்குள் வெடிமருந்து அடைத்த 'பெங்களூர் டார்பிடோ' 1912இல் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக் என்பவர் உருவாக்கியது. தமிழர்கள் பெருமளவில் சேர்ந்த படைப்பிரிவு அது. முந்தைய போர்களில் விட்டுப்போன பொறிகளையும் தடைகளையும் தூர நின்றே வெடிக்க வைத்து அழிக்க ஒரு கருவி வேண்டும் என்பதுதான் அவருடைய தொடக்க நோக்கம்.

சரி, 1917. முந்தைய ஆண்டு பிரான்ஸின் சோம் ஆற்றுப் பக்கம் நடந்த நீண்ட சண்டையில் களைத்துப்போன ஜெர்மன் படை, பின்னால் பல மைல் தூரத்தில் புதிதாகக் கட்டிய பலமான அரணுக்குப் பின்வாங்க முடிவு செய்தது. எதிரிகள் அதை ஹிண்டன்பர்க் கோடு என்றார்கள். கோடு சுமார் 40 கிலோமீட்டர் சுருங்கும், பதின்மூன்று டிவிஷன்கள், அதாவது பெரிய படைப்பிரிவுகள், மிச்சமாகும் என்பது கணக்கு. இந்தப் பின்வாங்கலுக்கு 'அல்பெரிக்' என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மானியப் புராணக் கதையில் வரும் குள்ளன் அவன். பிப்ரவரி 9இல் அழிப்பு வேலை தொடங்கியது. மார்ச் 16 முதல் 20 வரை படைகள் நகர்ந்தன.

அழிப்பு என்றால் சாதாரண அழிப்பு அல்ல. ஊர்களை இடித்தார்கள், கிணறுகளைப் பாழாக்கினார்கள், பழ மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், நாற்சந்திகளை வெடி வைத்துப் பள்ளமாக்கினார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு மக்களை வேறு இடங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். அந்தப் பகுதிப் படைகளின் தலைவரான பவேரிய இளவரசர் ரூப்ரெக்ட்டுக்கே இது பிடிக்கவில்லை. பதவி விலகலாமா என்று யோசித்து, பிறகு விலகாமல் இருந்துவிட்டார். பெரோன் நகரில் நுழைந்த பிரிட்டிஷ் வீரர்கள் இடிந்த நகர மன்றத்தின் மேல் ஜெர்மன் மொழியில் ஒரு பலகையைப் பார்த்தார்கள்: 'கோபப்படாதே, வியந்துபோ, போதும்.'

மிச்சம் நின்றவற்றில்தான் பொறிகள் இருந்தன. இது முக்கியம். எல்லாம் இடிந்து கிடக்கும் ஊரில் ஒரு வீடு மட்டும் நின்றால், ஒரு நிலவறை மட்டும் முழுசாக இருந்தால், யாருக்குத்தான் உள்ளே போகத் தோன்றாது? மார்ச் மாதம், குளிர், மழை, சேறு. வந்தவன் முதலில் என்ன செய்வான்? அடுப்பு மூட்டுவான். அடுப்புக் குழாயில் வெடி. கரி எடுத்துப் போடுவான், கரித்துண்டுகளுக்குள் ஒரு வெடி. நிலவறைப் படியில் இறங்குவான், ஒரு படியின் பலகை மட்டும் தளர்ந்திருக்கும். சுவரில் சாய்த்து வைத்த மண்வெட்டியை எடுப்பான், அதன் பின்னால் கம்பி. கோட் மாட்ட ஆணி தேடுவான். ஜன்னலைத் திறப்பான். எல்லாவற்றையும் விடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது: ஜெர்மன் தொப்பி. உச்சியில் கூர்முனை வைத்த அந்தத் தோல் தொப்பியை ஊருக்கு எடுத்துப் போய்க் காட்ட வேண்டும் என்று துடிக்காத பிரிட்டிஷ் வீரன் இல்லை. ஜெர்மானியர்களுக்கும் அது தெரியும்.

பொறி வைத்த பொறியாளர்கள் வெடிமருந்தைப் படித்ததை விட மனிதனைப் படித்திருந்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. பசி, குளிர், சோர்வு, ஆசை என்று ஒவ்வொரு பொறியும் ஒரு பழக்கத்தைக் குறி வைத்தது.

பபோம் நகரத்தில் நடந்தது இதற்கும் ஒரு படி மேல். மார்ச் 17 அன்று ஆஸ்திரேலியப் படை உள்ளே நுழைந்தது. ஊரே தரைமட்டம், நகர மன்றக் கட்டடம் மட்டும் நின்றது. சோதனை போட்டார்கள். நாட்கள் போயின, ஒன்றும் நடக்கவில்லை. வீரர்கள் அங்கே தங்கினார்கள், வருகிறவர்களுக்குச் சூடான காபி கிடைத்தது. தொகுதி மக்களைப் பார்க்க வந்த இரண்டு பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர்கள், ரவுல் பிரிகே, அல்பேர் தயாந்தியே, அங்கேயே படுத்தார்கள். மார்ச் 25 இரவு, நுழைந்து எட்டு நாள் கழித்து, கட்டடம் அப்படியே மேலெழும்பி விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், இரண்டு உறுப்பினர்களும் அதில் அடக்கம். இரவெல்லாம் தோண்டி ஒரு சிலரைத்தான் உயிரோடு எடுக்க முடிந்தது.

யாரும் எதையும் தொடவில்லை, எதன் மேலும் மிதிக்கவில்லை. அமிலம் ஒரு உலோகக் கம்பியை மெல்ல மெல்ல அரித்து, அது அறுந்த நேரத்தில் வெடிக்கும் தாமத வெடி அது. கடிகாரம் இல்லாததால் டிக் டிக் ஓசையும் கிடையாது. கவனமாக இருந்தால் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையைத்தான் அது முதலில் கொன்றது. எட்டு நாள் பத்திரமாக இருந்த இடம் ஒன்பதாம் நாளும் பத்திரமாக இருக்கும் என்று நம்பியதுதான் அங்கே பொறி.

இதன் பலன் என்ன? செத்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், அந்தப் போரில் பீரங்கி ஒரு காலையில் கொன்றதை விடக் குறைவு. ஆனால் பபோமுக்குப் பிறகு பிரிட்டிஷ் படையில் யாரும் ஜெர்மன் நிலவறையில் நிம்மதியாகப் படுக்க முடியவில்லை. ஆழமாக, மரம் அடித்து, பங்க் படுக்கை போட்டு ஜெர்மானியர் கட்டிய நிலவறைகள் பிரிட்டிஷ்காரர் கட்டியவற்றை விட எவ்வளவோ வசதி. அதை விட்டுவிட்டு மழையில், வெட்டவெளியில், தார்ப்பாய்க்கு அடியில் படுத்தார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கச் சோதனை, பாலம் கடக்கச் சோதனை, கதவு திறக்கச் சோதனை. துரத்தும் படையின் வேகம் விழுந்தது. ஜெர்மன் படை புதிய கோட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. வெடிக்கிற ஒரு பொறி, வெடிக்காத நூறு இடங்களையும் பொறியாக்கிவிடுகிறது.

1918 கடைசி மாதங்களில் ஜெர்மானியர் மறுபடி பின்வாங்கியபோது பிரிட்டிஷ் தரப்பு தயாராக இருந்தது. அதற்குள் அவர்களிடம் சுரங்கம் தோண்டும் கம்பெனிகள் இருந்தன. பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். எதிரி வரிசைக்கு அடியில் சுரங்கம் வெட்டி வெடி வைப்பது அவர்களுடைய பழைய வேலை. படை வேகமாக நகரத் தொடங்கியதும் அந்த வேலைக்கு இடமில்லாமல் போனது. அவர்களை முன்னே அனுப்பினார்கள். நிலவறையின் பலகை புதிதாக ஆணி அடித்ததா, சுவர் மண் சமீபத்தில் தோண்டி மூடியதா, தரையில் மண்ணின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதில் அவர்களை விடக் கெட்டிக்காரர்கள் கிடையாது. வெடி வைத்தே பழகிய கைகள், அதனால் எதிரி எங்கே வைத்திருப்பான் என்று தெரியும். பார்த்து முடித்த நிலவறையின் வாசலில் சோதித்தாயிற்று என்று எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள்.

1918 நவம்பர் 11 போர்நிறுத்த ஒப்பந்தத்திலேயே இதற்கென்று ஒரு பிரிவு உண்டு, எட்டாவது. ஜெர்மானியர் தாங்கள் விட்டுப்போன நிலத்தில் வைத்த எல்லாக் கண்ணிவெடிகளையும் தாமத வெடிகளையும் 48 மணி நேரத்துக்குள் காட்டிக் கொடுக்க வேண்டும், தேடி அழிக்க உதவ வேண்டும், பாழாக்கிய கிணறு, ஊற்றுகளையும் சொல்ல வேண்டும். பேரரசுகள் கவிழ்ந்துகொண்டிருந்த வாரத்தில், சில பக்கமே உள்ள ஓர் ஒப்பந்தத்தில், இதற்கு இடம் ஒதுக்கினார்கள் என்றால் அந்தப் பயம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பபோமின் வாரிசுகள் அடுத்த போரில் பெரிதாக வந்தன. 1941இல் சோவியத் படை கீவ் நகரத்தை விட்டுப் போனபோதும், கார்கிவை விட்டுப் போனபோதும் கட்டடங்களுக்குள் வெடி வைத்துவிட்டுப் போனது. கார்கிவில் தூரத்திலிருந்து வானொலி அலை மூலம் வெடிக்க வைத்ததில் ஒரு ஜெர்மன் தளபதியே இறந்தார். 1943இல் நேப்பிள்ஸ் தபால் நிலையம் ஜெர்மானியர் போய் ஒரு வாரம் கழித்து வெடித்தது. பதுங்கு குழிகளோ முடிந்த கதை ஆகவில்லை. ஈழப் போரின் கடைசி ஆண்டுகளில் வடக்கே மண் அணையும் பதுங்கு குழியுமாகக் கோடுகள் நின்றன. முகமாலைப் பக்கம் அந்தப் பழைய முன்னரங்கில், உலகத்திலேயே மிக நெருக்கமாக வெடி புதைத்த நிலங்களில் ஒன்றில், போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் பணியாளர்கள், பெண்கள் உட்பட, மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி வெடி எடுத்தார்கள். 48 மணி நேரத்தில் காட்டிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சிலர் கேட்பார்கள். 1980இல் ஜெனீவாவில் ஏற்ற ஒரு நெறிமுறை பொறிவெடிகளை முழுவதுமாகத் தடை செய்யவில்லை. எதில் வைக்கக் கூடாது என்று பட்டியல் போட்டது: செஞ்சிலுவை போன்ற சின்னங்கள், காயம்பட்டவர்கள், பிணங்கள், சுடுகாடு, இடுகாடு, குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்கள், உணவு, குடிநீர், வழிபாட்டுப் பொருட்கள், விலங்குகள். பார்க்கச் சாதுவான பொருள் போலவே தொழிற்சாலையில் செய்து உள்ளே வெடி அடைப்பதும் கூடாது. சமையல் பாத்திரங்களும் அடுப்புகளும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் ஒரு விலக்கோடு: ராணுவ இடங்களில் இருந்தால் தடை இல்லை. அந்தப் பிரிவின்படி, 1917 மார்ச்சில் நனைந்து நடுங்கி வந்தவன் முதலில் கை வைத்த நிலவறை அடுப்பு இன்றைக்கும் அந்தத் தடைக்குள் வராது.